இரண்டாவது திருத்தம்

யாரைப் பற்றி எழுதினாலும் நான் ‘அவர்’ என்றுதான் எழுதுவேன், மேடம். ஆட்டைத் திருடியவரும் அவர்தான், ஆட்டைப் பறிகொடுத்தவரும் அவர்தான். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம். தமிழை எழுத்துக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன், அதனால் அதில் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருப்பேன். இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டதும் அதற்காகத்தான். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் ‘மேற்படி நபர்’ என்று ஆரம்பித்துவிட்டால் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

என் பெயர் சென்னகிருஷ்ணன். வயது நாற்பத்தெட்டு. சூளகிரி பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், ‘எல்லைக்குரல்’ என்ற செய்திச் சேனலைப் பதினொரு வருடமாக நடத்துகிறேன். யூடியூபில் ஒரு லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள், வாட்ஸப்பில் முப்பத்தெட்டுக் குழுக்கள். வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சரிசெய்வது தர்ஷினி. ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்தவர், போன மாதம் வேலையை விட்டுவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தவை எல்லாம் உண்மையான பதிவுகள். எங்கள் அலுவலக போனில் வருகிற அழைப்பு, போகிற அழைப்பு அத்தனையும் தானாகவே பதிவாகும். அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான். நாளைக்கு ஒருவர் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று பல்டி அடித்தால் போட்டுக் காட்ட வேண்டுமே.

ஊடகச் சட்டம் எனக்குக் கரைத்துக் குடித்த விஷயம். எது அவதூறு, எது நியாயமான விமர்சனம், எந்தச் செய்தியில் பெயர் போடலாம், எதில் போடக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது போன்ற வரிகளை என் செய்தியில் நீங்கள் பார்க்க முடியாது. சம்பந்தப்பட்டவருக்கு ஒரு போனாவது போட்டு அவர் தரப்பைக் கேட்காமல் நான் எந்தச் செய்தியும் வெளியிட்டதில்லை.

போன வருடம் மார்ச்சில், நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் அந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், பெண் தொழிலாளர்களுக்கு அரைநாள் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். வாட்ஸப்பில் வதந்தி பரப்பாதீர்கள் என்று சொல்லச் சொன்னார்கள். நான் அதோடு நிறுத்தவில்லை. உங்களைப் பற்றித் தவறான செய்தி வந்தால் கீழே கமெண்டில் திட்டிப் பிரயோஜனமில்லை, எழுத்தில் மறுப்புக் கொடுங்கள் என்றேன். தேதி, செய்தி வெளியான நேரம், எந்த வரி தவறு, எது சரி, கடைசியில் கையெழுத்து. உணர்ச்சிவசப்பட்டு எதுவும் எழுதாதீர்கள், அப்படிக் கொடுத்தால் ஆசிரியர் அதை வெளியிட்டே ஆக வேண்டும் என்றேன். இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் சத்யப்ரியா.

அவரைப் பற்றி உங்கள் பைலில் இருப்பதுதான் எனக்கும் தெரியும். வயது இருபத்துநான்கு. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி. அப்பா இல்லை. அம்மா வீரலட்சுமி மாந்தோப்புகளில் கூலி வேலை செய்கிறவர். சத்யப்ரியா தர ஆய்வுப் பிரிவில் இருந்தார், தினமும் பதினேழாம் நம்பர் கம்பெனி பஸ்ஸில் போய்வருவார். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததில் இடது கால் சரியாகக் கூடவில்லை. கொஞ்சம் இழுத்து நடப்பார்.

வகுப்பு முடிந்து மூன்று மாதத்தில் அந்தப் பதினேழாம் நம்பர் பஸ் மேம்பாலத்துக்குக் கீழே சுவரில் மோதியது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ‘குடிபோதையில் டிரைவர்’ என்று நான் போட்டேன். அங்கே நின்றிருந்த இரண்டு பேர் சொன்னார்கள். டிரைவர் கௌஸ் மொய்தீன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அதையும் செய்தியில் சொன்னேன். கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

நான்காம் நாள் சத்யப்ரியா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பின்னால் கௌஸ் மொய்தீன். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

“சார், பாய்க்கு சுகர் கொறஞ்சு மயக்கம் வந்துட்டுதுங்க. நான் அவருக்குப் பின்னாடி சீட்டுலதான் உக்காந்திருந்தேன். அவரு குடிக்கறவரே இல்லீங்க” என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். தேதி, நேரம், தவறான வரி, சரியான தகவல், கையெழுத்து. “நீங்கதானுங்க சார் சொல்லிக் குடுத்தீங்க, மறுப்புச் சொல்ல எங்களுக்கும் உரிமை இருக்குதுன்னு.”

அவர் குரலில் கிண்டல் இல்லை. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னார். நான் தாளை வாங்கிக்கொண்டேன், இருவருக்கும் டீ வரவழைத்தேன், அன்றைக்கே திருத்தம் போட்டேன். பத்து வருடத்தில் ‘எல்லைக்குரல்’ போட்ட முதல் திருத்தம் அது. கௌஸ் மொய்தீனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பதினேழாம் நம்பர் பஸ்ஸில் சத்யப்ரியாவுக்குக் கைதட்டினார்களாம்.

எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பேன். ஊர்தான் விடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால், “என்ன சென்னண்ணா, ஒரு பொட்டப்புள்ள ஒன்னையே மடக்கிட்டுதாமே” என்பார்கள். தாலுகா ஆபீசில் ஒருவர், நான் ஒரு தகவல் கேட்டபோது, “சரியா எழுதிக்கங்க, அப்புறம் கல்லாவியிலருந்து ஆளு வந்துடும்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எட்டு மாதம் அப்படியே ஓடியது.

பிப்ரவரி பத்தொன்பது, வியாழக்கிழமை. காலை எட்டு நாற்பதுக்கு மூர்த்தி கேட் அறையிலிருந்து போன் செய்தார். அந்தக் கம்பெனியின் செக்யூரிட்டி சூப்பர்வைசர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், அங்கே நடப்பதை அவ்வப்போது எனக்குச் சொல்லுவார்.

“அண்ணே, சர்க்யூட் போர்டு நாலு காணாமப் போயி, இப்ப ஒரு லாக்கர்ல கெடச்சிருக்கு. ஒங்கள மடக்குச்சே அந்தக் கல்லாவிப் பிள்ள, அது லாக்கருன்னு சொல்றாங்க. விசாரிக்கப் போறாங்கண்ணே” என்றார்.

நான் பரபரப்படையவில்லை. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து செய்தி போடக்கூடாது என்பது என் விதி. கம்பெனி பஸ்களை ஒழுங்கு பார்க்கும் ஒருவருக்குப் போன் போட்டேன். அவரும் அப்படித்தான் கேள்விப்பட்டேன் என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். மூர்த்தி என்றார். எப்படிப் பார்த்தாலும் இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது.

அடுத்து சத்யப்ரியாவின் தரப்பு. அவர் நம்பர் பழைய மறுப்புத் தாளிலேயே இருந்தது. ஒன்பதே காலுக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். பத்து நாற்பதுக்கு இன்னொரு தடவை, பன்னிரண்டு ஐந்துக்கு மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. ‘அவரது தரப்பை அறிய மூன்று முறை தொடர்பு கொண்டும் பதில் கிடைக்கவில்லை’ என்று எழுதினேன். நீங்கள் என் போனில் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வரியில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

பெயர் போடவில்லை. ‘கல்லாவி பகுதியைச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஊழியர், தர ஆய்வுப் பிரிவு, பதினேழாம் எண் பேருந்துப் பயணி’ என்று மட்டும் எழுதினேன். ‘திருடினார்’ என்று எழுதவில்லை. ‘எடுத்ததாகக் கூறப்படுகிறது, விசாரணை நடைபெற்று வருகிறது’ என்று எழுதினேன். மூர்த்தி அனுப்பிய கேமரா பதிவு பதினொரு வினாடி இருந்தது. காலையில் சத்யப்ரியா கேட்டைத் தாண்டி உள்ளே நடந்துபோவது. தர்ஷினி முகத்தை மறைத்தார். மறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணா, மூஞ்ச மறச்சு என்னாங்க பிரயோஜனம்? நடையே காட்டிக் குடுத்துடும். இந்தக் கிளிப்பே வேணாம், கேட்டு போட்டோ ஒண்ணு போட்டா போதும்.”

“முகத்தை மறைக்கணும்னு விதி இருக்கு, மறைச்சாச்சு. காலை மறைக்கணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு, எடுத்துக் காட்டு” என்றேன். அந்தக் கிளிப் அப்படியே செய்தியில் இருந்தது.

மேடம், நேற்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அந்தக் கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது என்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா. தெரியும். அங்கே வகுப்பு எடுக்கப் போன அன்றைக்கு என் போனையும்தான் வாங்கி லாக்கரில் வைத்தார்கள். முதல் ஷிப்டுக்குக் காலை ஆறு மணிக்கு உள்ளே போகிறவர்களின் போன் மதியம் இரண்டரைக்குத்தான் வெளியே வரும். நான் மூன்று முறை கூப்பிட்டபோதும் அந்தப் போன் ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அழைக்க வேண்டும் என்பதுதான் விதி. அவர் எடுக்கக்கூடிய நேரமாகப் பார்த்து அழைக்க வேண்டும் என்று விதி இல்லை.

செய்தியை இரண்டு இருபதுக்கு வெளியிட்டேன். அது எனக்குப் பழக்கமான நேரம். இந்தப் பக்கம் சேனல் நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஷிப்டு விடுகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போட வேண்டும். இரண்டரைக்கு எட்டாயிரம் பேர் லாக்கரைத் திறந்து போனைக் கையில் எடுப்பார்கள். முதலில் கண்ணில் படுவதைத்தான் பஸ்ஸில் வீடுபோய்ச் சேரும்வரை பார்ப்பார்கள். அன்றைக்கு அரைமணியில் நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

தர்ஷினி கொடுத்த பதிவுகளில் ஒன்று மதியம் ஒன்று இருபதுக்கு வந்த அழைப்பு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். மூர்த்திதான் பேசினார்.

“அண்ணே, போட்ராதீங்கண்ணே. அது அந்தப் பிள்ள லாக்கர் இல்ல. இவங்க பழைய லிஸ்ட்ட வச்சுப் பாத்துருக்காங்க. போன வாரமே அந்த லாக்கர வேற ஆளுக்கு மாத்திட்டாங்களாம். அந்தப் பிள்ளைய விசாரிக்கக்கூட இல்லண்ணே, அதுபாட்டுக்கு லைன்ல வேல பாத்துக்கிட்டு இருக்கு.”

“சரி, பார்க்கிறேன்” என்றேன். வெளியிடுவதற்கு ஒருமணி நேரம் முன்னால். அதை எடுத்துக்கொள்ளாததற்கு எனக்குக் காரணம் இருந்தது. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் மாற்றக்கூடாது என்பது என் விதி. நீங்கள் சிரிக்கிறீர்களோ என்னவோ. எழுதும்போது எனக்கே அது சரியாக நிற்கவில்லைதான்.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு சத்யப்ரியா என்னைத் திரும்பக் கூப்பிட்டார். தவறிய அழைப்பு மூன்று இருந்ததல்லவா. நான் எடுக்கவில்லை. நாற்பத்து நான்குக்குக் கூப்பிட்டார், ஐம்பத்திரண்டுக்குக் கூப்பிட்டார். மூன்று ஐந்துக்கு எடுத்தேன். நாற்பது வினாடிப் பேச்சு. நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், வாக்குமூலம் முழுதாக இருக்க வேண்டும்.

“சார், நான் சத்யப்ரியாங்க. நான் எதையும் எடுக்கலீங்க. அது அப்புறம் இருக்கட்டும் சார், நான் நடக்கறத மட்டும் எடுத்துடுங்க. பஸ்ஸுல எல்லாரும் என் காலயே பாக்கறாங்க. பக்கத்துல உக்காந்திருந்த அக்கா எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஊருல எறங்கறதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா போதும் சார்.”

பின்னால் பஸ் சத்தம் கேட்டது. வேறு யாரும் பேசுகிற சத்தம் கேட்கவில்லை. அறுபது பேர் போகிற பஸ்.

“மறுப்பை எழுத்துல குடும்மா. உனக்குத்தான் முறை தெரியுமே. நாளைக்குப் பார்த்துப் போடறேன்” என்றேன்.

“சரிங்க சார்” என்றார்.

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நீக்கியிருப்பேன். இதைப் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு தட்டு தட்டினால் வீடியோ போய்விடும். கம்ப்யூட்டர் என் முன்னால்தான் இருந்தது. பார்த்தவர்கள் எண்ணிக்கை அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

கல்லாவிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அவர் இறங்கிவிட்டார். அன்றைக்கும் பஸ்ஸை ஓட்டியவர் கௌஸ் மொய்தீன்தான். பின்னொரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னார். “ஏம்மா இங்கயே எறங்கறேன்னு கேட்டேன். சும்மா பாய், நடந்து போயிக்கறேன்னுச்சு. என் பொழப்பக் காப்பாத்திக் குடுத்த புள்ளண்ணா. நான் பஸ்ஸ நிறுத்தி எறக்கி உட்டுட்டு வந்துட்டேன்.” அதையே மூன்று நான்கு தடவை சொன்னார். அவர் தன்மேல்தான் பழி போட்டுக்கொண்டார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவருக்கு டீ வரவழைத்தேன்.

மறுநாள் காலையில் சத்யப்ரியா உயிரோடு இல்லை என்று தகவல் வந்தது. அந்தச் செய்தியையும் நான் முறைப்படிதான் வெளியிட்டேன். எப்படி, எங்கே என்று சொல்லவில்லை. படம் போடவில்லை. காரணத்தை ஊகிக்கவில்லை. தற்கொலைச் செய்திக்கென்று நெறிமுறைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றையும் விடவில்லை. மன உளைச்சலில் இருப்பவர்கள் அழைக்க வேண்டிய உதவி எண்ணைக் கடைசியில் பெரிதாகப் போட்டேன். அந்த வீடியோவைத்தான் தர்ஷினி செய்ய மறுத்தார். நானே உட்கார்ந்து செய்தேன். பிறகுதான் முந்தைய நாள் வீடியோவை நீக்கினேன்.

திங்கட்கிழமை கம்பெனி அறிக்கை கொடுத்தது. சத்யப்ரியாவுக்கும் திருட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று. அடுத்த நாள் வீரலட்சுமி வந்தார். கூட கௌஸ் மொய்தீன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முந்தானையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“எம்புள்ள பையில இருந்துச்சு சாமி. ஒங்களுக்குத்தான் எழுதியிருக்குதுன்னு பாயி படிச்சுச் சொன்னாரு. ஒங்ககிட்ட படிச்ச புள்ளயாமே. போட்டுருங்க சாமி, அது ஆசப்பட்டு எழுதியிருக்குது.”

தர ஆய்வுக்கு வைத்திருக்கும் அச்சடித்த தாளின் பின்பக்கம். ஓடுகிற பஸ்ஸில் எழுதிய கையெழுத்து, வரிகள் மேலும் கீழும் போயிருந்தன. ஆனாலும் எல்லாம் முறைப்படி இருந்தது. பெறுநர் ஆசிரியர், ‘எல்லைக்குரல்’. தேதி. வெளியான நேரம் மதியம் 2.20. தவறான வரி இது. சரியான தகவல் இது. கையெழுத்து. நான் இத்தனை வகுப்பு எடுத்திருக்கிறேன், கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர்கூட அவ்வளவு சரியாக எழுதியதில்லை.

கையெழுத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார். ‘திருத்தம் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் எப்படி நடந்து போவது என்று தெரியவில்லை.’ மறுப்பை வெளியிட்டபோது அந்த இரண்டு வரியையும் நீக்கிவிட்டேன். உணர்ச்சிவசப்பட்டு எழுதக்கூடாது என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தேன். மற்றபடி ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கடைசியில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று நாங்கள் சேர்த்துக்கொண்டோம். வீரலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். சத்யப்ரியா போர்டுகளை எடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியிட்டேன். போனை எடுக்க முடியாது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். நடையைப் பார்த்தால் யாரென்று தெரியும் என்பதற்காகத்தான் அந்தப் பதினொரு வினாடியை வைத்துக்கொண்டேன். நீக்கச் சொல்லிக் கேட்டபோது நீக்கவில்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை. மூர்த்தியையும் தர்ஷினியையும் விட்டுவிடுங்கள். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்கள் தடுமாறுவது எனக்குத் தெரிகிறது. வரிவரியாகப் பார்த்தால் நான் எழுதியதில் பிடி கிடைக்காது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, அது வேலைப் பழக்கம்.

மனசில் உறுத்தல் இல்லையா என்று இன்றைக்குக் கேட்டீர்கள். இருக்கிறது, மேடம். சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. பதினொரு வருடம், நாளைக்கு ஐந்தாறு செய்தி. அத்தனைக்கும் ‘எல்லைக்குரல்’ போட்ட திருத்தம் இரண்டே இரண்டு. இரண்டையும் போட வைத்தது அவள்தான்.